பழைய காருக்கு ஷாக் அப்சர் மாத்தப் போறீங்களா? முதல்ல ஒரு ஸ்கேல் எடுங்க!

திருப்பூர் மாவட்டம், மடத்துக்குளம் தாலுகாவில், அமராவதி ஆற்றங்கரையில் இருக்கிறது கொமரலிங்கம். பனியனுக்குப் பேர்போன மாவட்டம்தான் என்றாலும், இங்கே முதலில் கண்ணில் படுவது வயலும் தென்னந்தோப்பும் கரும்பும்தான். இந்த மாதிரி ஊர்களில் வீட்டுக் கார் என்பது அந்தஸ்துக்கான பொருள் இல்லை. தாத்தாவை உடுமலை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறதும் அதுதான், பழனிக்குப் போறதும் அதுதான், தோட்டத்துக்கு உர மூட்டை ஏத்துறதும் அதுதான்.

அப்படி ஒரு வீட்டில் 2004 மாடல் மாருதி 800 ஒன்று நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். இன்ஜின் சாவி திருப்பினதும் ஸ்டார்ட் ஆகுது. ஆனால், வாய்க்கால் ஓர மண் பாதையில் இறங்கினால் முன்பக்கம் ‘டக் டக்’, வேகத்தடை ஏறி இறங்கினால் பின்பக்கம் ‘லொட லொட’. கதவுக்குக் கீழே பெயின்ட் கொப்பளித்து நிற்கிறது. மெக்கானிக்கிடம் போனால், “ஷாக் அப்சர் போச்சு, புஷ் போச்சு, மாத்திடலாம்” என்பார். மாத்தலாமா?

மாத்தலாம். ஆனால், அதுக்கு முன்னாடி ஒரு கேள்வி இருக்கு. புது ஷாக் அப்சரை எந்தத் தகரத்தில் போல்ட் போட்டு முடுக்கப் போறோமோ, அந்தத் தகரம் உயிரோட இருக்கா? பழைய காரில் தேய்ஞ்ச பார்ட்ஸை விலை கொடுத்து வாங்கிடலாம். இத்துப்போன பாடியைக் கடையில் வாங்க முடியாது. இந்த வரிசை தெரியாமல் செலவு செய்தால் பணமும் போகும், சில நேரம் அதைவிடப் பெரிய இழப்பும் வரும்.

ஏன் இன்னும் 800?

1983 டிசம்பர் 14 அன்று முதல் மாருதி 800-ன் சாவியை டெல்லியைச் சேர்ந்த ஹர்பால் சிங்கிடம் கொடுத்தார் அன்றைய பிரதமர் இந்திரா காந்தி. அதிலிருந்து 2014 ஜனவரி வரை, 30 வருடங்கள் இந்தக் கார் உற்பத்தியானது. இந்தியாவில் மட்டும் 25 லட்சத்துக்கும் மேல் விற்றது. 796 சி.சி., 3 சிலிண்டர் இன்ஜின், 12 இன்ச் சக்கரம். எந்த ஊர் ஷெட்டிலும் கழற்றி மாட்டத் தெரிந்த வண்டி.

அந்த முதல் காரின் கதையே நமக்கு ஒரு பாடம். ஹர்பால் சிங்கின் காலத்துக்குப் பிறகு, அந்தக் கார் வெயிலிலும் மழையிலும் நின்று துருப்பிடித்துப் போனது. பின்னர் முழுசாகப் புதுப்பிக்கப்பட்டு, இப்போது மாருதி நிறுவனத்தின் தலைமை அலுவலகத்தில் காட்சிக்கு நிற்கிறது. ஓடித் தேய்ந்ததைவிட நின்று துருப்பிடித்துப் போகும் கார்கள் நம்ம ஊரிலும் நிறைய.

சஸ்பென்ஷனில் என்னதான் இருக்கு?

ஷெட்டில் மெக்கானிக் அடுக்கும் பெயர்களைக் கேட்டு மிரள வேண்டாம். வேலையைப் புரிந்துகொண்டால் பில்லும் புரியும்.

ஸ்பிரிங்: வண்டியின் எடையைத் தாங்குவது இதுதான். பள்ளத்தில் சக்கரம் இறங்கும்போது நீள்கிறது, மேட்டில் ஏறும்போது அமுங்குகிறது.

ஷாக் அப்சர்: பெயர் அதிர்ச்சியைத் தாங்குவதாகச் சொன்னாலும், உண்மையில் ஸ்பிரிங்கின் ஆட்டத்தை நிறுத்துவதுதான் இதன் வேலை. உள்ளே ஆயில் இருக்கும். ஒரு பிஸ்டன் அந்த ஆயிலைச் சின்ன ஓட்டைகள் வழியாகத் தள்ளும். ஆயில் கசிந்துவிட்டால் ஆட்டத்தை நிறுத்த ஆள் இல்லை.

ஸ்ட்ரட்: முன்பக்கம் ஷாக் அப்சரும் ஸ்பிரிங்கும் சேர்ந்து ஒரே தூணாக நிற்கும். அமெரிக்க இன்ஜினீயர் எர்ல் மெக்ஃபர்சன் உருவாக்கிய அமைப்பு இது. 1950-களில் பிரிட்டனில் ஃபோர்டு கார்களில் ஓட ஆரம்பித்தது. மாருதி 800, ஆல்டோ, ஓம்னி என நம்ம ஊர்ச் சின்ன வண்டிகள் எல்லாவற்றிலும் முன்பக்கம் இதுதான். இந்தத் தூணின் உச்சி, பானெட்டுக்குள்ளே தெரியும் வட்டமான மேட்டுத் தகரத்தில் நட்டு போட்டு மாட்டப்பட்டிருக்கும். இந்த இடத்தை மனசில் குறித்துக்கொள்ளுங்கள்.

லோயர் ஆர்ம், பால் ஜாயின்ட்: சக்கரத்தைக் கீழிருந்து பிடித்திருக்கும் கை லோயர் ஆர்ம். அந்தக் கை சக்கரத்தோடு சேரும் இடத்தில் இருக்கும் உருண்டை மூட்டுதான் பால் ஜாயின்ட். நம் தோள்பட்டை மூட்டு மாதிரி எல்லாப் பக்கமும் திரும்பும். இது கழன்றால் சக்கரம் அப்படியே மடங்கி விழும். அதனால் சஸ்பென்ஷனில் ‘அப்புறம் பார்த்துக்கலாம்’ என்று சொல்லவே கூடாத பார்ட் இது.

புஷ்: இரும்பும் இரும்பும் மோதாமல் இடையில் இருக்கும் ரப்பர். விலை குறைவு. ஆனால், பாதி சத்தத்துக்குக் காரணம் இதுதான்.

டை ராட் எண்ட்: கணக்குப்படி இது ஸ்டீயரிங் பார்ட். ஆனால், சஸ்பென்ஷன் வேலையோடு சேர்த்தே இதையும் பார்ப்பார்கள். ஸ்டீயரிங்கைத் திருப்பினால் சக்கரம் திரும்புவது இதன் வழியாகத்தான்.

பட்டை: ஓம்னியின் பின்பக்கம், அம்பாசடர், பத்மினி போன்ற வண்டிகளின் பின்பக்கம் இருக்கும் அடுக்கு ஸ்பிரிங். ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கி, நடுவில் யு போல்ட் போட்டுக் கட்டியிருப்பார்கள்.

தேய்ஞ்சு போச்சானு எப்படிக் கண்டுபிடிக்கிறது?

ஷெட்டுக்குப் போகும் முன் வீட்டு வாசலிலேயே பார்த்துவிடலாம்.

1. காரின் ஒரு மூலையைக் கையால் நன்றாக அமுக்கி விடுங்கள். மேலே வந்து ஒரு முறை ஆடி நின்றால் சரி. ஊஞ்சல் மாதிரி இரண்டு, மூன்று தடவை ஆடினால் அந்தப் பக்க ஷாக் அப்சர் முடிந்தது. நாலு மூலையையும் இப்படிப் பாருங்கள்.

2. ஷாக் அப்சரின் உடம்பில் ஆயில் வடிந்து, மேலே மண் அப்பியிருக்கிறதா என்று பாருங்கள். லேசான ஈரம் பரவாயில்லை. வடிந்த தடம் இருந்தால் மாற்ற வேண்டியதுதான்.

3. டயரின் மேல் கையைத் தடவிப் பாருங்கள். ஒரே சீராகத் தேயாமல் மேடு பள்ளமாக இருந்தால் சக்கரம் ரோட்டில் குதித்துக் குதித்து ஓடியிருக்கிறது என்று அர்த்தம். உள்பக்கம் மட்டும் அல்லது வெளிப்பக்கம் மட்டும் மொட்டையானால் அலைன்மென்ட் கோளாறு, அல்லது புஷ் தேய்மானம்.

4. மெக்கானிக் ஜாக்கி போட்டுத் தூக்கியதும் பக்கத்தில் நின்று பாருங்கள். சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டும்போது ‘லொடக்’ என்றால் பால் ஜாயின்ட் அல்லது வீல் பேரிங். இடமும் வலமும் பிடித்து ஆட்டும்போது ஆடினால் டை ராட் எண்ட் பக்கம் சந்தேகப்படலாம்.

5. பிரேக் போடும்போது மூக்கு ரொம்பக் குனிகிறதா, நேர் ரோட்டில் வண்டி ஒரு பக்கம் இழுக்கிறதா என்பதையும் கவனியுங்கள்.

80,000 கி.மீ. வாக்கில் ஷாக் அப்சர்களை மாற்றச் சொல்வது பல தயாரிப்பாளர்களின் வழக்கம். ஆனால், குண்டும் குழியுமான ரோட்டில் அதற்கு முன்பே போகலாம். பொறுமையாக ஓட்டும் தாத்தாவின் வண்டியில் அதைத் தாண்டியும் வரலாம். மீட்டரைவிட மேலே சொன்ன 5 சோதனைகளை நம்புங்கள்.

இப்போ ஸ்கேல் எடுங்க

பிரிட்டனில் குளிர்காலத்தில் ரோட்டில் பனி உறையாமல் இருக்க உப்பு தூவுவார்கள். அதனால் அங்கே காருக்கு முதல் எதிரி துருதான். இங்கிலாந்தில் 3 வருடம் கடந்த கார்கள் ஒவ்வொரு வருடமும் எம்.ஓ.டி. என்ற பரிசோதனையில் தேற வேண்டும். அந்தச் சோதனையில் துருவுக்கென்றே ஓர் அளவு வைத்திருக்கிறார்கள். சஸ்பென்ஷன், ஸ்டீயரிங், பிரேக், சீட் பெல்ட் ஆகியவை பாடியில் மாட்டும் இடத்திலிருந்து 30 செ.மீ. சுற்றளவுக்குள், எடை தாங்கும் பாகம் துருவால் பலவீனமாகி இருந்தால் வண்டி ஃபெயில்.

30 செ.மீ. என்றால்? ஸ்கூல் பாக்ஸில் வைத்திருந்த பெரிய ஸ்கேல், அவ்வளவுதான்.

நம் ஊரில் சொந்தக் காருக்கு அப்படி வருடா வருடம் சோதனை இல்லை. அதனால் அந்த அளவை நாமே கடன் வாங்கிக்கொள்ளலாம். பானெட்டைத் திறந்து ஸ்ட்ரட் மாட்டியிருக்கும் மேட்டுத் தகரத்திலிருந்து ஒரு ஸ்கேல் தூரம். லோயர் ஆர்ம் பாடியில் மாட்டும் இடத்திலிருந்து ஒரு ஸ்கேல் தூரம். பின்பக்க ஷாக் அப்சரின் மேல் முனை, பின் ஆக்ஸிலைப் பிடித்திருக்கும் கைகள் பாடியில் சேரும் இடம், ஓம்னி என்றால் பட்டையின் இரண்டு முனைகள். இந்த இடங்களைச் சுற்றி ஒரு ஸ்கேல் தூரத்துக்குள் துரு எப்படி இருக்கிறது என்று பாருங்கள்.

வெறும் கண்ணை நம்ப வேண்டாம். மேலே கறுப்பு கோட்டிங் அடித்து, பட்டி பார்த்து, பளபளவென்று இருக்கும் இடத்துக்கு உள்ளேயும் துரு இருக்கலாம். ஸ்க்ரூடிரைவரின் கைப்பிடியால் தட்டுங்கள். கெட்டியான தகரம் ‘டங்’ என்று சொல்லும். இத்துப்போனது ‘சொத்’ என்று சொல்லும். பிறகு முனையால் கொஞ்சம் அழுத்திப் பாருங்கள். பிஸ்கட் மாதிரி நொறுங்கினாலோ, செதில் செதிலாக உதிர்ந்தாலோ, அங்கே பலம் இல்லை. பிரேக் பைப்புக்குப் பக்கத்தில் மட்டும் முனையால் குத்தாதீர்கள்.

பார்த்ததை மூன்றாகப் பிரித்துக்கொள்ளலாம்.

மேல் துரு: காவி நிறம் படிந்திருக்கும், தேய்த்தால் உள்ளே கெட்டி இரும்பு தெரியும். கவலை வேண்டாம். தேய்த்து, பிரைமர் அடித்து, பெயின்ட் அடித்தால் போதும்.

செதில் துரு: அடுக்கு அடுக்காக உரிந்து வரும். தகரம் மெலிந்திருக்கும். ஸ்கேல் தூரத்துக்கு வெளியே என்றால் தள்ளிப்போடலாம். உள்ளே என்றால் சஸ்பென்ஷன் வேலைக்கு முன்பே வெல்டிங் வேலை.

ஓட்டை: ஸ்கேல் தூரத்துக்குள் ஓட்டை விழுந்திருந்தால், சரி செய்யும் வரை அந்த வண்டியை ஓட்டாதீர்கள். ரோட்டில் விழும் ஒவ்வொரு அடியும் அந்த இடத்தில்தான் போய் இறங்குகிறது. புது ஷாக் அப்சர் போட்டாலும் அந்த அடி குறைந்துவிடாது.

இத்தோடு இன்னும் இரண்டு இடங்கள். ஒன்று, ஸ்ட்ரட்டில் ஸ்பிரிங் உட்காரும் கிண்ணம். இங்கே மண்ணும் ஈரமும் தங்கும். இது துருப்பிடித்து உடைந்தால் ஸ்பிரிங் நழுவி டயரைக் கிழிக்கலாம். இரண்டு, அடியில் ஓடும் பிரேக் பைப். துருப்பிடித்து மெலிந்த பைப், அவசரத்துக்கு பிரேக்கை அமுக்கும் நேரத்தில்தான் வெடிக்கும்.

நம்ம ஊர்ல துரு எங்கிருந்து வருது?

இரும்பு, தண்ணீர், ஆக்சிஜன் மூன்றும் சேர்ந்தால் துரு. உப்பு சேர்ந்தால் அது இன்னும் வேகமெடுக்கும். இரும்பைவிட துரு அதிக இடத்தை அடைத்துக்கொள்ளும். அதனால்தான் பெயின்ட் கொப்பளித்துக்கொண்டு வெளியே வருகிறது, நட்டும் போல்டும் ஒன்றையொன்று இறுகப் பிடித்துக்கொள்கின்றன.

கடற்கரை இல்லாத கொங்குப் பக்கத்தில் துரு ஏன் வர வேண்டும் என்று கேட்கலாம். காரணங்கள் இங்கேயே இருக்கின்றன.

முதல் காரணம், சேறு. வயல் ஓரப் பாதையில் ஓடிய வண்டியின் மட்கார்டுக்குள் அப்பும் சேறு, வெளியே காய்ந்தாலும் உள்ளே பல நாள் ஈரமாகவே இருக்கும். இரண்டாவது, உப்புத் தண்ணீர். திருப்பூர் வட்டாரத்தில் பல இடங்களில் போர்வெல் தண்ணீர் உப்பு. அதில் கழுவி அப்படியே காய விட்டால், தண்ணீர் ஆவியாகும், உப்பு மட்டும் தங்கும். மூன்றாவது, மாட்டுக் கொட்டகை, உர மூட்டை. சாணமும் மூத்திரமும் சில உரங்களும் இரும்பை அரிப்பவை. கொட்டகைக்குப் பக்கத்திலேயே வருடக்கணக்கில் நிற்கும் வண்டியின் அடிப்பக்கத்தைப் பார்த்தால் புரியும். நான்காவது, வாய் அடைத்த ஓட்டைகள். கதவின் அடியிலும் ரன்னிங் போர்டிலும் தண்ணீர் வடிய கம்பெனியே சின்ன ஓட்டை வைத்திருக்கும். மண் அடைத்துக்கொண்டால் தண்ணீர் உள்ளேயே தங்கிவிடும்.

ஐந்தாவது காரணம் வெளியூரிலிருந்து வருவது. கார் கன்சல்டிங்கில் வாங்கும் வண்டி, அதற்கு முன்னால் எந்த ஊரில் ஓடியது? கடற்கரை ஊரில் இருந்ததா? சென்னையில் 2015 டிசம்பர் வெள்ளத்திலோ, 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல் மழையிலோ மூழ்கியதா? ஆர்.சி.யில் பழைய பதிவு எண்ணையும் ஊரையும் பாருங்கள். சீட்டுக்கு அடியில், கார்பெட்டைத் தூக்கி, ஸ்டெப்னி வைக்கும் பள்ளத்தில் கை வைத்துப் பாருங்கள். அங்கே வண்டல் மண் இருந்தால் மேற்கொண்டு பேச வேண்டாம்.

முதல்ல டிங்கரா, மெக்கானிக்கா?

பெரும்பாலானவர்கள் செய்வது, மெக்கானிக்கிடம் போய் எல்லா பார்ட்ஸையும் மாற்றிவிட்டு, பிறகு சாவகாசமாக டிங்கரிங் பார்க்கலாம் என்பது. துரு இருக்கும் வண்டிக்கு இந்த வரிசை தலைகீழ்.

முதலில் டிங்கரிடம் காட்டுங்கள். ஸ்கேல் தூரத்துக்குள் வெல்டிங் தேவையா, எவ்வளவு ஆகும் என்று கேளுங்கள். பிறகு மெக்கானிக்கிடம் பார்ட்ஸுக்கும் கூலிக்கும் கேளுங்கள். இரண்டையும் கூட்டி, அந்த வண்டியை இன்றைக்கு விற்றால் என்ன கிடைக்கும் என்பதோடு ஒப்பிடுங்கள். அதன் பிறகுதான் ஒரு ரூபாய் அட்வான்ஸ்.

வெல்டிங் என்று முடிவானால் டிங்கரிடம் சொல்ல வேண்டியவை இவை. இத்த தகரத்தை முழுசாக வெட்டி எடுத்துவிட்டு, நல்ல தகரம் தெரியும் இடத்திலிருந்து புதுத் தகடு பற்ற வைக்க வேண்டும். துருவின் மேலேயே ஒட்டுப்போடக் கூடாது. எடை தாங்கும் இடத்தில் அங்கங்கே பொட்டு வைத்து விடாமல் விளிம்பு முழுக்கத் தொடர்ச்சியாகப் பற்ற வைக்க வேண்டும். அங்கே பட்டியோ ஃபைபரோ பலம் தராது. அழகுக்காக வேண்டுமானால் கதவில் பட்டி பார்க்கலாம், ஸ்ட்ரட் மாட்டும் இடத்தில் கூடாது. வேலைக்கு முன் பேட்டரி இணைப்பைக் கழற்றுவதும், பெட்ரோல் டேங்க், பைப் பக்கம் தீப்பொறி போகாமல் பார்ப்பதும் கட்டாயம். வேலை முடிந்ததும் பெயின்ட் அடிக்கும் முன்பே ஒரு முறை போய், பற்ற வைத்ததை நேரில் பாருங்கள். பெயின்ட் அடித்த பிறகு எல்லா வெல்டிங்கும் அழகாகத்தான் தெரியும்.

துருப்பிடிச்ச போல்ட்டோடு ஒரு போராட்டம்

20 வருடம் கழற்றாத போல்ட், மரியாதையாகக் கழன்று வராது. வேலைக்கு முந்தின நாளே துரு இளக்கும் ஆயிலை அடித்து ஊற விடுவது நல்லது. நம் கடைகளில் கிடைக்கும் டபிள்யூ.டி.-40 இந்த வகையில் பிரபலம். 1953-ல் அமெரிக்காவில் ராக்கெட் கெமிக்கல் கம்பெனி என்ற நிறுவனம், தண்ணீரை விரட்டித் துருப்பிடிக்காமல் தடுப்பதற்காக உருவாக்கியது அது. 40-வது முயற்சியில் சரிவந்ததால் அந்தப் பெயர்.

அப்படியும் வரவில்லை என்றால், கம்பி பிரஷ்ஷால் மரையைச் சுத்தம் செய்து, கொஞ்சம் முடுக்கி, கொஞ்சம் இளக்கி, மறுபடி முடுக்கி எனப் பொறுமையாக எடுப்பார்கள். கடைசி வழி, கேஸ் வைத்துச் சூடு பண்ணுவது. சூடு வைத்தால் பக்கத்தில் இருக்கும் ரப்பர் புஷ், பிரேக் ஹோஸ் கருகும். அவற்றையும் மாற்றும் கணக்கில் வைத்திருக்க வேண்டும். பெட்ரோல் பைப் பக்கத்தில் இருந்தால் சூடே வைக்கக் கூடாது. வெட்டி எடுப்பதே மேல்.

அதனால் பார்ட்ஸ் வாங்கும்போதே அதற்கான போல்ட், நட்டையும் புதுசாக வாங்கிவிடுங்கள். பழைய லாக் நட்டையும் காட்டர் பின்னையும் திரும்பப் போட வேண்டாம். சில ரூபாய் மிச்சம் பிடிப்பதற்கான இடம் இது இல்லை.

மாத்தும்போது கவனிக்க வேண்டியவை

ஜோடியாக மாற்றுங்கள். இடது பக்கம் மட்டும் புது ஷாக் அப்சர், வலது பக்கம் பழசு என்றால் வளைவிலும் பிரேக்கிலும் வண்டி இரண்டு விதமாக நடந்துகொள்ளும். காசு ஒரு பக்கத்துக்குத்தான் இருக்கிறது என்றால், ஒரு மாதம் தள்ளி முன்பக்க ஜோடியை ஒன்றாக மாற்றுவது நல்லது. பால் ஜாயின்ட் மட்டும் விதிவிலக்கு. அது ஆடினால் அன்றைக்கே மாற்ற வேண்டும்.

ஸ்ட்ரட்டைப் பிரிக்கும்போது மேலே இருக்கும் ரப்பர் மவுன்ட், பேரிங், தூசி மறைக்கும் ரப்பர் கவர், பம்ப் ரப்பர் எல்லாவற்றையும் பாருங்கள். இவை போயிருந்தால் சேர்த்தே மாற்றிவிடலாம். இல்லை என்றால் 6 மாதத்தில் அதே கூலியை இன்னொரு முறை கொடுக்க வேண்டி வரும்.

ரப்பர் புஷ் இருக்கும் போல்ட்டுகளைக் கடைசியாக முடுக்குவது வண்டி தரையில் நிற்கும்போதுதான். ஜாக்கியில் தொங்கும்போதே முழுசாக முடுக்கிவிட்டால், வண்டியை இறக்கியதும் ரப்பர் முறுக்கிக்கொண்டு சீக்கிரமே கிழிந்துபோகும். ‘புது புஷ் போட்டேன், 3 மாசத்துல போயிடுச்சு’ என்ற புகார்களில் இதுவும் ஒரு காரணம்.

வேலை முடிந்த கையோடு வீல் அலைன்மென்ட். இது விருப்பம் இல்லை, கட்டாயம். பத்து நாள் ஓட்டிய பிறகு எல்லா போல்ட்டையும் ஒரு முறை முடுக்கிப் பார்க்கச் சொல்லுங்கள்.

எந்த பார்ட்ஸ் வாங்கலாம்?

மாருதி வண்டிகளுக்கு ஒரு வசதி, பார்ட்ஸ் தட்டுப்பாடு குறைவு. கம்பெனி ஒரிஜினல் ஒரு வழி. கார் கம்பெனிகளுக்கே பார்ட்ஸ் செய்து கொடுக்கும் தயாரிப்பாளர்களின் பிராண்டு இன்னொரு வழி. உதாரணத்துக்கு, ஸ்டீயரிங், சஸ்பென்ஷன் இணைப்பு பார்ட்ஸ் செய்யும் ரானே (மெட்ராஸ்) சென்னையைச் சேர்ந்த நிறுவனம்தான். கேப்ரியல் போன்றவை ஷாக் அப்சருக்குப் பழக்கமான பெயர்கள். பெட்டியில் பார்ட் நம்பர், தயாரிப்பு மாதம், விலை அச்சாகி இருக்கிறதா என்று பாருங்கள், பில் கேட்டு வாங்குங்கள்.

பழைய பார்ட்ஸுக்குச் சென்னையில் புதுப்பேட்டை, கோவையில் உக்கடம் என்று இடங்கள் இருக்கின்றன. கதவு, பம்பர், கண்ணாடி என்றால் அங்கே போகலாம். பால் ஜாயின்ட், டை ராட் எண்ட், ஷாக் அப்சர், ரப்பர் மூன்றும் நான்கும் பழசில் வேண்டவே வேண்டாம். வெளியே பார்த்து உள்ளே எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று சொல்ல முடியாத பார்ட்ஸ் இவை.

நாமே செய்யலாமா?

யூடியூப் பார்த்து ஆசை வரும். எளிதாக எட்டும் சின்ன புஷ், பின்பக்க ஷாக் அப்சர் போன்றவை, கருவியும் பொறுமையும் இருந்தால் பழகினவர்கள் செய்யக்கூடியவை. ஆனால், இரண்டு விஷயங்களில் சமரசம் கூடாது.

ஒன்று, ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் தலையை விடாதீர்கள். ஜாக்கி ஸ்டாண்டு போட்டே ஆக வேண்டும். செங்கல், ஹாலோ பிளாக் எல்லாம் சட்டென்று நொறுங்கும். துருப்பிடித்த வண்டியில் இன்னொரு ஆபத்து, ஜாக்கி வைக்கும் இடமே இத்துப்போயிருக்கும். வண்டி மேலே போகாது, ஜாக்கிதான் தகரத்துக்குள்ளே போகும். அதனால் அந்த இடத்தையும் தட்டிப் பாருங்கள்.

இரண்டு, முன்பக்க ஸ்ட்ரட்டின் நடு நட்டைத் தொடாதீர்கள். உள்ளே அமுக்கி வைக்கப்பட்ட ஸ்பிரிங் காத்திருக்கிறது. ஸ்பிரிங் கம்ப்ரஸர் போட்டு இறுக்காமல் அந்த நட்டைக் கழற்றினால், ஸ்பிரிங் தெறித்து முகத்தையோ நெஞ்சையோ தாக்கும். உயிரே போகலாம். கம்ப்ரஸர் இல்லாத ஷெட் என்றால் வேறு ஷெட்டுக்குப் போங்கள். கயிறு கட்டி, கம்பி கட்டிச் செய்வதை நிறுத்தச் சொல்லும் உரிமை உங்களுக்கு உண்டு, அடிபடப் போவது அந்தத் தம்பிதான் என்றாலும்.

ஓம்னி வைத்திருப்பவர்களுக்கு

திருப்பூர் பக்கம் கட்டிங், தையல், அயர்னிங் யூனிட்டுகளுக்கு இடையே பீஸ் மூட்டை ஏற்றி ஓடும் பழைய ஓம்னிகளுக்கு ஒரு குறிப்பு. துணி பார்க்க மென்மை, எடையில் இல்லை. ஓவர்லோடு முதலில் பட்டையை அமுக்கும், பிறகு பட்டையைப் பிடித்திருக்கும் பாடியை. பட்டை உட்கார்ந்துவிட்டது என்று கூடுதலாக ஒரு பட்டை சொருகுவது பழைய வழக்கம். சுமை தாங்கும்தான். ஆனால், அந்தக் கூடுதல் அடி எல்லாம் துருப்பிடித்த பாடிக்குப் போகும். பட்டை மாட்டும் முனைகளைச் சுற்றி ஸ்கேல் வைத்துப் பார்க்காமல் இதைச் செய்ய வேண்டாம். யு போல்ட்டைக் கழற்றினால் புதுசு போடுங்கள்.

எப்போ விட்டுடணும்?

சட்டத்திலிருந்து ஆரம்பிப்போம். சொந்தக் காரின் பதிவு 15 வருடத்துக்குச் செல்லும். பிறகு ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் சோதனைக்குக் காட்டி, 5 வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். பசுமை வரியும் உண்டு. டெல்லி வட்டாரத்தில் வயது வைத்து வண்டியைத் தடுப்பது போன்ற விதி தமிழ்நாட்டில் இல்லை. ஆனால், 2022 ஏப்ரல் முதல் 15 வருடம் தாண்டிய கார்களுக்குப் புதுப்பிப்புக் கட்டணம் 5,000 ரூபாய். 20 வருடம் தாண்டிய கார்களுக்கு 2025 ஆகஸ்ட்டில் அது 10,000 ரூபாயாக உயர்ந்தது. எனவே, செலவுக் கணக்கில் அடுத்த புதுப்பிப்பு எந்த வருடம் என்பதையும் சேருங்கள்.

பிறகு தகரம். ஸ்கேல் தூரத்துக்குள் துரு இல்லை என்றால், மற்ற தேய்மானம் எவ்வளவு இருந்தாலும் தயங்காமல் செலவு செய்யலாம். வண்டி புதுசு மாதிரி ஓடும். ஓரிரு இடத்தில் மட்டும் துரு, நல்ல டிங்கர் கிடைக்கிறார் என்றாலும் செய்யலாம். ஸ்ட்ரட் உச்சி, தரைத் தகரம், பின்பக்கம் என மூன்று, நான்கு இடங்களில் ஒரே நேரத்தில் ஓட்டை என்றால், அந்த வண்டிக்குப் புது ஷாக் அப்சர் வாங்காதீர்கள். அது தாத்தா வாங்கின வண்டியாக இருந்தாலும் சரி. அதில் உட்காரப் போவதும் அதே தாத்தாதான்.

அப்படி முடிவெடுத்தால் காயலான் கடையில் எடைக்குப் போட்டுவிட்டு மறந்துவிடாதீர்கள். 2021 ஆகஸ்ட்டில் மத்திய அரசு தொடங்கிய வாகன அழிப்புக் கொள்கையின்படி, பதிவு பெற்ற மையத்தில் வண்டியை ஒப்படைத்தால் சான்றிதழ் கொடுப்பார்கள். புது வண்டி வாங்கும்போது சலுகை கேட்க அது உதவும். ஆர்.சி.யையும் முறைப்படி ரத்து செய்ய வேண்டும். இல்லை என்றால் அந்த நம்பரில் நாளைக்கு வேறு வண்டி ஓடினாலும் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள்தான்.

மாத்தின பிறகு?

மழைக்காலம் முடிந்ததும் மட்கார்டுக்குள்ளும் அடியிலும் நல்ல தண்ணீரில் சேற்றைக் கழுவுங்கள். கதவு, ரன்னிங் போர்டு ஓட்டைகளைக் குச்சியால் குத்திவிடுங்கள். அண்டர் பாடி கோட்டிங் அடிப்பதென்றால், துருவைச் சுத்தமாக எடுத்து, காய வைத்து, பிறகு அடியுங்கள். துருவின் மேலே அடித்த கோட்டிங், ஈரத்தை உள்ளே பூட்டி வைக்கும் மூடி. நிறுத்தியே வைக்கும் வண்டியை வாரம் ஒரு முறையாவது ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்து, காற்றோட்டமான, காய்ந்த தரையில் நிறுத்துங்கள்.

வருடத்துக்கு ஒரு தடவை, ஆயுத பூஜைக்குக் காரைக் கழுவுவீர்கள்தானே? அன்றைக்குச் சந்தனம், குங்குமம் வைக்கும் முன்னாடி பானெட்டைத் திறந்து, அந்த மேட்டுத் தகரத்தை ஒரு தட்டு தட்டிப் பாருங்கள். ‘டங்’ என்றால் இன்னும் ஒரு வருடம் நிம்மதி!